குறைந்த விலை வயர் இயர்போன்: ஒலியையும் கட்டுமானத்தையும் எதை வைத்து முடிவு செய்வது?

மழைக்காகம்

வணக்கம் நண்பர்களே. தினமும் பல மணி நேரம் காதில் இயர்போனோடு இருப்பவன் நான். பாதி நேரம் பாட்டு, மீதி நேரம் ஆன்லைன் வகுப்பு, குரல் பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. ப்ளூடூத் வேண்டாம் என்பதில் தெளிவாக இருக்கிறேன். சார்ஜ் கவலை கிடையாது, உதடு அசைவும் பேச்சும் முன்பின் ஆகாது.

இப்போது கையில் இரண்டு புது வயர் இயர்போன்கள் இருக்கின்றன. இரண்டுமே ஆகக் குறைந்த விலைப் பிரிவு. ஒன்றைத் திருப்பி அனுப்ப இன்னும் சில நாள் அவகாசம் இருக்கிறது. விமர்சனங்களைப் படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. ஒரே மாடலை ஒருவர் பாஸ் அதிர்கிறது என்கிறார், இன்னொருவர் பாஸே இல்லை என்கிறார். பெட்டிகளில் அச்சடித்திருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்: 10 மி.மீ. டிரைவர் (ஒலி எழுப்பும் பகுதி), 16 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ். சென்சிடிவிட்டி மட்டும் ஒன்றில் 98 டெசிபல், மற்றதில் 116. அப்படியானால் 116 போட்டிருப்பதுதான் அதிகச் சத்தமா? அதில் கேபிளைத் தனியே கழற்றலாம். 98 போட்டதில் கேபிள் உள்ளேயே பொருத்தியது.

எதைக் கேட்க வேண்டும், எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

வரைபடப்பிரியன்

பெட்டியில் இருப்பதை முதலில் ஓரமாக வையுங்கள். 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்பது மனிதக் காதின் எல்லை, அவ்வளவுதான். அந்த எல்லைக்குள் எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்தோடு ஒலிக்கிறது என்று சொல்லாதவரை அந்த எண்ணால் பயனில்லை. 6,000 ஹெர்ட்ஸில் எகிறிக் காதைக் குத்தும் இயர்போனும் அதே எண்ணைத்தான் போட்டுக்கொள்ளும்.

98, 116 விஷயத்தில் பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் பாருங்கள். ஒன்று மில்லிவாட்டுக்கு என்றும் மற்றது வோல்ட்டுக்கு என்றும் இருக்கும். 16 ஓம் இயர்போனுக்கு மில்லிவாட் கணக்கோடு 18-ஐக் கூட்டினால் வோல்ட் கணக்கு வந்துவிடும். 98-உம் 18-உம் 116. ஆக, காகிதத்தில் உங்கள் இரண்டுமே ஒரே சத்தம். 32 ஓம் என்றால் 15-ஐக் கூட்ட வேண்டும்.

அடுத்து, உங்கள் இரண்டு மாடல்களுக்கும் எந்த அலைவெண் எவ்வளவு சத்தமாக ஒலிக்கிறது என்று யாராவது அளந்து போட்ட வரைபடம் கிடைக்கிறதா என்று தேடுங்கள். பார்க்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு இருந்தால் அது கோளாறு அல்ல, இருக்க வேண்டியதுதான். நம் காதுக் குழாய் ஏறக்குறைய 25 மி.மீ. நீளம். அந்த நீளத்துக்கு 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி இயல்பாகவே ஒலி பெருகும். இயர்போன் குழாயை அடைத்துவிடுவதால் அந்தப் பெருக்கம் போய்விடுகிறது, அதை டியூனிங்கில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த மேடு இல்லாத இயர்போனில் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும்.

8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வரைபடத்தை அப்படியே நம்ப வேண்டாம். பலரும் அளப்பது ஐஇசி 60318-4 வகைச் செயற்கைக் காதில், அல்லது அதன் மலிவான நகலில். 8,000 பக்கம் தெரியும் கூர்முனை பெரும்பாலும் அந்தக் கருவியின் ஒத்ததிர்வு. உங்கள் காதில் அது வேறு இடத்தில் வரலாம், வராமலும் போகலாம்.

இடிமுழக்கம்

பெட்டி எண்கள் எல்லாமே வீண் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. டிரைவர் அளவு முக்கியம். டிரைவரில் அதிரும் சவ்வான டயஃப்ரம் பெரிதாக இருந்தால் அதிகக் காற்றைத் தள்ளும், பாஸ் ஆழமாக வரும். நான் எப்போதும் 10 மி.மீ.க்குக் கீழே வாங்குவதில்லை. இரண்டு டிரைவர் இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம், பெட்டியிலிருந்து எடுத்தவுடன் தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். இரண்டு மூன்று இரவு பாட்டை ஓடவிட்டு டயஃப்ரம் இளகிய பிறகு கேளுங்கள். என் அனுபவத்தில் ஒலி நிச்சயம் மாறுகிறது.

தொப்பித்தாளம்

நான் மிருதங்கம் வாசிப்பவன், எலக்ட்ரானிக்ஸ் எனக்குத் தெரியாது. ஆனால் பாஸ் விஷயத்தில் எத்தனை மி.மீ. என்பதைவிட டிப், அதாவது காதுக்குள் போகும் மென்மையான முனை, காதில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். மழைக்காகம் சொன்ன முரண்பாட்டுக்கே விடை அங்கேதான். அதிர்கிறது என்பவருக்குச் சிலிகான் டிப் சரியாக அடைத்திருக்கிறது. இல்லவே இல்லை என்பவருக்கு ஒரு ஓரத்தில் காற்று கசிகிறது. மயிரிழை இடைவெளி போதும், கீழ்ச்சுரம் மொத்தமும் வெளியேறிவிடும்.

பெட்டியில் மூன்று அளவு டிப் வரும். நடு அளவுதான் ஏற்கெனவே மாட்டியிருக்கும், பலர் அதை மாற்றிப் பார்ப்பதே இல்லை. இடது காதுக்கும் வலது காதுக்கும் வேறு வேறு அளவு பொருந்துவது மிகச் சாதாரணம். மாட்டும்போது மறுகையால் காது மடலை மேலும் பின்னும் லேசாக இழுத்துப் பிடித்து உள்ளே விடுங்கள். சரியாக உட்கார்ந்தால் வெளிச்சத்தம் சட்டென்று இறங்கும், உங்கள் குரலே உங்கள் தலைக்குள் கேட்கும். அது நடக்காதவரை எந்த இயர்போனையும் நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது.

கேட்பதற்கு நான் எடுத்துக்கொள்வது தனி ஆவர்த்தனப் பதிவு, ஒலிபெருக்கியில் பல முறை கேட்டு மனதில் பதிந்த ஒன்று. முதலில் இடப்பக்கம், தொப்பி. கும்கி கொடுக்கும்போது மணிக்கட்டுத் தோலின் மேல் நகர, சுருதி கீழிருந்து மேலே வழுக்கும். அந்த வழுக்கலின் ஒவ்வொரு படியும் தெரிந்தால் பாஸ் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மலிவான இயர்போன் பலவற்றில் கும்கி வெறும் 'தும்' ஆகிவிடும். சத்தம் நிறைய வரும், சுருதி காணாமல் போயிருக்கும். பாஸ் அதிகம் என்பதும் பாஸ் நன்று என்பதும் இங்கேதான் பிரிகின்றன.

பிறகு வலந்தலை. நடுவில் இருக்கும் கருப்புச் சோறுதான் அந்த முகத்துக்குச் சுருதியைத் தருகிறது. சாதாரணத் தோல் முரசின் மேலதிர்வுகள் ஒன்றோடொன்று இசையாது, இதில் இசையும். சர் சி.வி. ராமன் இதைப் பற்றி 1920-இல் 'நேச்சர்' இதழிலேயே எழுதியிருக்கிறார். மீட்டும்போது வரும் 'நம்' ஒரு நாதமாக நின்று மெல்லத் தேய வேண்டும். சாப்பு என்ற அடி 'சளீர்' என்று வெட்டிவிட்டு முடிய வேண்டும். இரண்டும் ஒரே 'டக்' ஆகக் கேட்டால் இயர்போனின் ஒலியில் நடுப்பகுதியும் மேற்பகுதியும் குறைந்திருக்கின்றன, இல்லை ஏதோ ஓரிடத்தில் துருத்திக்கொண்டிருக்கின்றன.

கடைசியாக நிஜத் தம்புரா. குதிரையின் மேல் தந்திக்கு அடியில் செருகும் நூலால் எழும் ரீங்காரம் இழை இழையாகப் பிரிந்து கேட்க வேண்டும். அது வெறும் இரைச்சலாகிவிட்டால், பின்னால் பாடுபவரின் குரலிலும் நுணுக்கம் இருக்காது.

வரைபடப்பிரியன்

இடிமுழக்கம் அவர்களுக்கு: திறந்த அறையில் ஒலிபெருக்கிக்கு நீங்கள் சொல்வது சரி. காதுக்குள் இயர்போன் தள்ள வேண்டிய காற்று ஒன்றிரண்டு கன சென்டிமீட்டர்தான். நன்றாக அடைத்துவிட்டால் சின்ன டிரைவரே ஆழமான பாஸுக்குப் போதும். ஃபைனல் ஈ3000 என்ற இயர்போனில் இருப்பது 6.4 மி.மீ. டிரைவர், பாஸ் தாராளமாக வரும். குழாயை அடைக்காமல் வாசலில் உட்காரும் இயர்பாட்ஸ் வகையில் டிரைவர் பெரிதாக இருந்தும் அடியாழம் வராது. இரண்டு டிரைவர் என்பதும் அப்படித்தான். நன்றாக டியூன் செய்த ஒற்றை டைனமிக் டிரைவர், அவசரமாகச் சேர்த்த இரண்டை எளிதாக வென்றுவிடும்.

பல இரவு ஓடவிடுவது பற்றி: அந்த இரவுகளில் உங்கள் காதும் புது ஒலிக்குப் பழகுகிறது, டிப்பும் உங்களுக்கு வாகாக உட்காரக் கற்றுக்கொள்கிறீர்கள். டிப்பை இரண்டு மி.மீ. உள்ளே தள்ளினால் வரும் மாற்றத்துக்குப் பக்கத்தில்கூட டயஃப்ரம் இளகுவதால் வரும் மாற்றம் வராது. ஓடவிடுவதில் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் இன்று காதைக் குத்தும் இயர்போன் அடுத்த வாரம் திருந்தும் என்று நம்பித் திருப்பி அனுப்பும் தேதியைத் தவறவிடாதீர்கள்.

மழைக்காகம்

தொப்பித்தாளம் அண்ணா, மிக்க நன்றி. இடது காதுக்குப் பெரிய டிப் மாற்றியதும் கேபிள் கழற்றும் மாடலில் பாஸ் எங்கிருந்தோ வந்து நிற்கிறது.

இப்போதைக்கு இரண்டையும் ஒப்பிட்டால், கேபிள் பொருத்தியதுதான் தெளிவாகவும் உயிரோடும் இருக்கிறது. ஆனால் பெண் குரலில் 'ஸ', 'ஷ' வரும் இடங்களில் கொஞ்சம் கூசுகிறது.

வரைபடப்பிரியன்

இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேட்டீர்களா? இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. சத்தம் ஒரு டெசிபல் கூடினாலே, சத்தம் கூடியிருக்கிறது என்று நமக்குத் தோன்றாது, தெளிவு கூடியிருக்கிறது என்றுதான் தோன்றும். மெதுவாக வைத்தால் பாஸ் குறைந்ததாகக் கேட்பது காதின் இயல்பு. ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அதை அளந்துவிட்டார்கள். அதனால் வேறு வேறு சத்தத்தில் வைத்து ஒப்பிட்டால் ஒப்பிடுவது இயர்போனை அல்ல.

வீட்டில் செய்ய எளிய வழி: 1,000 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றை மெதுவாக ஓடவிடுங்கள். ஒன்றைக் கேட்டு, மற்றதை மாட்டி, இரண்டும் ஒரே அளவில் கேட்கும் வால்யூம் படியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தந்தப் படியில் வைத்து அதே பாட்டின் அதே இருபது முப்பது விநாடியைக் கேளுங்கள். முழுப் பாட்டையும் ஒன்றில் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால் முதலாவது மனதில் நிற்காது.

விலையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 283 ஹெட்போன், இயர்போன்களை அளந்து பார்த்த ஓர் ஆய்வு 2017-இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் இதழில் வந்தது. அலைவெண் மறுமொழிக்கும் (அந்த வரைபடம் காட்டுவது) விலைக்கும் தொடர்பே தெரியவில்லை என்பது அதன் முடிவு. மலிவுப் பிரிவில் இருக்கிறோம் என்பதற்காக ஒலியில் சமரசம் செய்துகொள்ளத் தேவையில்லை. 2022-இல் வந்த மூன்ட்ராப் சூ, செவன்ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ போன்றவற்றின் வரைபடத்தைப் பார்த்தால் இந்தப் பிரிவு எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பது புரியும்.

சால்டரிங்கை

ஒலி பற்றி நிறையப் பேசியாகிவிட்டது, எல்லாம் நல்ல தகவல். நான் இயர்போன் ரிப்பேர் செய்பவன். என் மேசைக்கு வருபவற்றில் டிரைவர் எரிந்துபோனது அபூர்வம். வயர் உள்ளே அறுந்துதான் வரும். அதுவும் மூன்றே இடங்களில்: போனில் செருகும் பின்னின் கழுத்து, வயர் இரண்டாகப் பிரியும் இடம், காதுக்கூட்டுக்குள் வயர் நுழையும் இடம்.

தம்பி மழைக்காகம், முதலில் பின்னின் கழுத்தைப் பாருங்கள். வயரைச் சுற்றி ஒரு ரப்பர் உறை நீண்டிருக்கும். அதை மெல்ல வளைத்தால் உறையும் சேர்ந்து சீராக வளைய வேண்டும். உறை விறைப்பாக நின்று, அது முடியும் இடத்தில் வயர் மட்டும் கூர்மையாக மடிந்தால், அது பாதுகாப்பே இல்லை. அறுபடும் இடத்தைப் பின்னிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பார்க்கத் தடிமனாக, பளபளப்பான உலோக உறை போட்ட பின்கள் பலவற்றில் இதுதான் கதை. சின்ன ரப்பரில் குறுக்கே வெட்டு வெட்டாக விட்டிருக்கும் சாதாரணப் பின் அதைவிட நீண்ட நாள் உழைக்கும்.

பிரித்துப் பார்த்தால் வயர் தலைமுடிபோல மெல்லிய செம்பு இழைகள்தான். ஒவ்வொன்றின் மேலும் வண்ண எனாமல் பூச்சு, நடுவில் பலத்துக்காக நைலான் நூல். பெரும்பாலும் சிவப்பு வலது, பச்சையோ நீலமோ இடது, செம்பு நிறம் பொதுக் கம்பி. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடிந்தால் இழை ஒவ்வொன்றாக அறும். அதனால்தான் ஒரே நாளில் சாகாமல், முதலில் கரகரப்பு, பிறகு விட்டு விட்டு ஒலி, கடைசியில் ஒரு பக்கம் மௌனம் என்று போகிறது.

சோதனை இதுதான். குரல் மட்டும் இருக்கும் பதிவை மெதுவாக ஓடவிட்டு, நான் சொன்ன மூன்று இடங்களிலும் வயரை இரு விரலுக்கு நடுவே வைத்து உருட்டுங்கள், லேசாக மடக்குங்கள். இழுக்க வேண்டாம். புது இயர்போனில் துளிகூடக் கரகரப்பு வரக் கூடாது. வந்தால் மறுபேச்சில்லாமல் திருப்பி அனுப்புங்கள்.

காதுக்கூட்டில் பார்க்க வேண்டியது: இரண்டு பாதி சேரும் கோட்டில் நகத்தை ஓட்டுங்கள், மாட்டினால் ஒட்டியது சரியில்லை, ஒருநாள் பிளக்கும். டிப் மாட்டும் மூக்கின் முனையில் சின்ன விளிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் கழற்றும்போது டிப் காதுக்குள்ளேயே தங்கிவிடும். மூக்கின் வாயில் வலை இருக்க வேண்டும், அது உலோகமாக இருந்தால் நல்லது. உலோகக் கூடு என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் உலோகம், இல்லையென்றால் முலாம் பூசிய பிளாஸ்டிக். நல்ல பிளாஸ்டிக்கில் ஒரு குறையும் இல்லை. கனமான உலோகக் கூடு நடக்கும்போது காதிலிருந்து சரிவதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

வயரின் மேலுறை பற்றி: வழவழப்பான மலிவு பிவிசி வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்டுப் பட்டு நாளடைவில் விறைக்கும், பிறகு அதே இடத்தில் மடியும். துணி பின்னிய வயர் பார்க்க அழகு. ஆனால் சட்டையில் உரசும் சத்தம் காதுக்குள் வரும், உள்ளே அறுந்தாலும் வெளியே தெரியாது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒலியில் இருக்கும் சின்னக் குறையை டிப் மாற்றியோ ஈக்யூ (போனில் ஒலியின் பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதி) போட்டோ சரிசெய்யலாம். பின்னின் கழுத்து மோசமாக இருந்தால் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. இரண்டும் ஒலியில் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் கட்டுமானம் பார்த்து முடிவெடுங்கள்.

இடிமுழக்கம்

அப்படிப் பார்த்தால் கேபிள் கழற்றும் மாடல்தானே சரியான தேர்வு? வயர் போனால் வயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

சால்டரிங்கை

கழுத்துப் பிரச்சினைக்கு அது நல்ல தீர்வுதான், மறுக்கவில்லை. ஆனால் போகக்கூடிய புது இடம் ஒன்று கூடிவிடுகிறது. மலிவுப் பிரிவில் பெரும்பாலும் 0.78 மி.மீ. இரண்டு ஊசி வகை. அடிக்கடி கழற்றி மாட்டினால் கூட்டில் இருக்கும் துளை தளரும். வயரை மாற்றலாம், துளையை மாற்ற முடியாது. எம்எம்சிஎக்ஸ் என்ற இன்னொரு இணைப்பு வகை சுழலும், சுழலச் சுழலத் தொடர்பு விடும். கழற்றக்கூடியது என்பதற்காகக் கழற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. ஒருமுறை மாட்டினால் அறும்வரை அப்படியே விடுங்கள்.

தம்பி, உங்கள் மாடலில் ஊசி உள்ளே போகும்போது இறுக்கமாகப் போகிறதா? பாட்டு ஓடும்போது மாட்டியிருக்கும் இடத்தை லேசாக அசைத்துப் பாருங்கள்.

அமைதிப்பக்கம்

நீண்ட நேரம் கேட்பவர் என்பதால் வேறொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காதில் ஓயாமல் இரைச்சல் கேட்கும் தொல்லை எனக்கு உண்டு. அதனால் இயர்போனில் நான் முதலில் பார்ப்பது, எவ்வளவு குறைந்த சத்தத்தில் வைத்தாலும் சொல் புரிகிறதா என்பதைத்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 90 டெசிபலுக்குப் போனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். வெளிச்சத்தம் உள்ளே வந்தால் நாம் தானாகவே வால்யூமைக் கூட்டுவோம். அதனால் டிப் நன்றாக அடைப்பது பாஸுக்காக மட்டும் அல்ல, காதின் ஆரோக்கியத்துக்காகவும்தான்.

முதல் ஐந்து நிமிடம் கவரும் இயர்போனில் பெரும்பாலும் பாஸும் ட்ரெபிளும் (மேற்பகுதி ஒலி) தூக்கலாக இருக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் கழற்றத் தோன்றுகிறதா என்று பாருங்கள். 'ஸ', 'ஷ' கூசுகிறது என்றீர்களே, அது 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் பகுதி. உங்களைப் போல் நாள் முழுக்கப் பேச்சைக் கேட்பவருக்கு அந்தச் சின்னக் கூச்சம் மாலைக்குள் தலைவலியாகிவிடும். ஒரு வகுப்பு முழுக்க மாட்டியிருந்து பாருங்கள். காதின் வாசலில் வலி எடுத்தால், அது எவ்வளவு நன்றாக ஒலித்தாலும் உங்களுக்கானது அல்ல.

மழைக்காகம்

எல்லாருக்கும் நன்றி. வால்யூமைச் சமப்படுத்திக் கேட்டேன். வித்தியாசம் நான் நினைத்த அளவு இல்லை. பொருத்திய கேபிள் மாடல் கொஞ்சம் சத்தமாக ஒலித்திருக்கிறது. சமமாக வைத்தால் தொப்பியின் கும்கி இரண்டிலுமே தெளிவாக வழுக்குகிறது. 'ஸ' கூச்சம் மட்டும் அப்படியே இருக்கிறது.

சால்டரிங்கை அண்ணா, கழற்றும் மாடலின் இடது ஊசி தளர்வாகத்தான் போகிறது. அசைத்தால் ஒரு 'கர்ர்' வந்து நிற்கிறது. வலது இறுக்கமாக இருக்கிறது. பொருத்தியதில் மூன்று இடங்களிலும் ஒன்றும் வரவில்லை, கழுத்து ரப்பரும் சீராக வளைகிறது.

இன்னொரு சந்தேகம். ஏற்கெனவே வைத்திருக்கும் பழைய இயர்போனில் வலது பக்கம் மெலிந்துவிட்டது. போனில் உறை போட்டிருக்கும்போது சில நேரம் பாடுபவரின் குரல் காணாமல் போய் வாத்தியம் மட்டும் கேட்கிறது. இரண்டும் ஒரே கோளாறா?

சால்டரிங்கை

இரண்டும் வேறு வேறு. வலது மெலிந்தது வலை அடைப்பாக இருக்கலாம். டிப்பைக் கழற்றி மூக்கின் வாயை வெளிச்சத்தில் பாருங்கள், காது அழுக்கு படிந்திருக்கும். டிரைவர் போய்விட்டது என்று தூக்கி எறியும் பல இயர்போன்களில் நோய் இதுதான். வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்து, உலர்ந்த மென்மையான தூரிகையால் துடையுங்கள். மேலே பார்த்தபடி பிடித்தால் அழுக்கு உள்ளே விழும். ஊசியால் குத்தாதீர்கள், வலைக்குப் பின்னாலேயே டயஃப்ரம். கூட்டின் உட்பக்கம் குண்டூசி முனை அளவில் ஒரு துளை இருக்கும், அது காற்று போவதற்கு. அதுவும் அடைபடக் கூடாது, காது மடல் அதை மூடவும் கூடாது. காதில் மாட்டும்போது 'கிளக்' என்று ஒரு சத்தம் வந்தால் அழுத்தம் வெளியேற வழியில்லாமல் டயஃப்ரம் வளைகிறது என்று பொருள். மெதுவாக மாட்டினால் நின்றுவிடும்.

குரல் மறைவது பின் முழுசாக உள்ளே போகாததால். போன் உறையின் துளை சின்னதாக இருந்து பின்னின் தலை தடிமனாக இருந்தால் கடைசி ஒரு மி.மீ. வெளியே நிற்கும். பொதுக் கம்பியின் தொடர்பு விட்டுப்போனால் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் கேட்கும். குரலை வழக்கமாக இரண்டு பக்கமும் சமமாகப் பதிவார்கள் என்பதால் அது அழிந்துவிடுகிறது.

வரைபடப்பிரியன்

இதோடு சேர்த்து ஒன்று. மைக் உள்ள 3.5 மி.மீ. பின்னில் நான்கு வளையம் இருக்கும். சிடிஐஏ, ஓஎம்டிபி என்று இரண்டு அமைப்புகள், மைக்கும் பொதுக் கம்பியும் இடம் மாறியிருக்கும். இப்போதைய போன்கள் பெரும்பாலும் சிடிஐஏ. பழைய ஓஎம்டிபி இயர்போனைச் செருகினாலும் இதே மாதிரிக் குரல் மறையும். மைக் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஒலி சரியாகிவிடும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

ஜாக் இல்லாத போனுக்கு டைப்-சி மாற்றி வாங்கினால் உள்ளே டிஏசி (டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் சில்லு) இருப்பதாக வாங்குங்கள். டிஏசி இல்லாத வெறும் இணைப்பி, அனலாக் ஒலியை டைப்-சி வழியே அனுப்பும் போன்களில் மட்டும்தான் பாடும்.

'ஸ' கூச்சத்துக்கு: ஈக்யூவில் 6,000 ஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபல் இறக்கி, குரலைக் கேட்டுக்கொண்டே அந்தப் புள்ளியைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கூச்சம் அடங்கும் இடம் தானே அகப்படும். இறக்குவது எப்போதும் பாதுகாப்பு. எதையாவது ஏற்றினால் அதே அளவுக்கு மொத்தச் சத்தத்தையும் குறையுங்கள், இல்லாவிட்டால் உச்சத்தில் ஒலி வெட்டுப்படும். ஆண்ட்ராய்டில் வேவ்லெட் செயலியில் பல மாடல்களுக்குத் தயார் திருத்தமே இருக்கிறது, உங்களுடையதும் இருக்கிறதா என்று தேடுங்கள்.

தொப்பித்தாளம்

ஈக்யூவுக்கு முன் டிப்பை மாற்றிப் பாருங்கள் தம்பி. நுரை டிப் கொஞ்சம் ட்ரெபிளை உறிஞ்சும், எனக்குத் தம்புராவின் கூச்சம் அதிலேயே அடங்கியது. ஆனால் நுரை சீக்கிரம் நைந்துபோகும், அவ்வப்போது மாற்ற வேண்டிவரும்.

மழைக்காகம்

நுரை டிப் பழைய இயர்போனோடு வந்தது ஒரு ஜோடி இருந்தது, மூக்கு அளவும் பொருந்தியது. கூச்சம் பாதிக்கு மேல் போய்விட்டது, மீதிக்கு 6,200 ஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபல் இறக்கியிருக்கிறேன். தட்டச்சு வேலையில் சொற்கள் முன்பைவிடக் குறைந்த சத்தத்திலேயே புரிகின்றன. கழற்றும் மாடலைத் திருப்பி அனுப்புகிறேன். பழையதின் வலையைச் சுத்தம் செய்ததும் வலது பக்கமும் திரும்ப வந்துவிட்டது.

மைக் மட்டும் இன்னும் சோதிக்கவில்லை.

அமைதிப்பக்கம்

அதை உங்கள் காதால் சோதிக்க முடியாது. வகுப்பில் பேசுவது போலவே உட்கார்ந்து ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். பாதியில் தலையை இரண்டு பக்கமும் திருப்புங்கள். மைக் காலரில் உரசும் சத்தம் பதிவில் கேட்டால், வயரைக் காதுக்கு மேலாகச் சுற்றிவிட்டு மாட்டிப் பாருங்கள். மைக் வாய்க்குப் பக்கத்தில் ஏறும், உரசலும் குறையும்.

சால்டரிங்கை

வைத்துக்கொள்ளும் மாடலின் பெட்டியையும் அவகாசம் முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். கடைசி நாளுக்கு முந்தின நாள் 20 ஹெர்ட்ஸிலிருந்து மேலே ஏறும் தொனி ஒன்றை மெதுவான சத்தத்தில் ஒருமுறை முழுசாக ஓடவிடுங்கள். ஒலி தலைக்கு நடுவிலேயே நிற்க வேண்டும், ஒரு பக்கமாக நகரக் கூடாது. கீழ்ப்பகுதியில் காகிதம் அதிர்வது போன்ற சத்தமும் வரக் கூடாது. வயரைச் சுற்றி வைக்கும்போது போனின் மேலேயே இறுக்கிச் சுற்றாதீர்கள். பின்னைச் செருகியபடியே சுற்றினால் கழுத்து அங்கேயே ஒடியும். கையளவு தளர்வான வளையமாகச் சுற்றி, பின்னை வெளியே விட்டு வையுங்கள்.